ஒரு பக்கம் சாயும் மொறிஸ் மைனர்: உயரக் கோளாறை எங்கே தேடுவது?

மொறிஸ் மைனர் வைத்திருக்கும் ஒருவரிடம் கார் ஏன் ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: சொக் அப்சோபர் போய்விட்டது. அதற்குள் ஹைட்றோலிக் ஒயில் இருக்கிறது, ஒயில் குறைந்தால் கார் பதிந்துவிடும் என்ற எண்ணம் குடாநாட்டில் நன்றாக ஊறிப்போயிருக்கிறது. ஒயில் விடுவார்கள், கார் நிமிராது. சொக் அப்சோபரையே மாற்றுவார்கள், அப்போதும் நிமிராது. எங்கள் வீட்டிலும் அப்பா இரண்டு தடவை மாற்றினார். காசு போனதுதான் மிச்சம். கோளாறு இருந்த இடம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரை பழைய கார்களை அழகு பார்ப்பவர்களுக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. யாழ்ப்பாணத்தில் இன்றும் மைனரும் ஒஸ்ரின் ஏ40 சொமசெற்றும் கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும் புதுக்காரின் விலை பலருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. இருக்கிற காரை ஓட்டவேண்டிய நிலையில், அதன் உயரம் குறைவது வெறும் தோற்றப் பிரச்சினை அல்ல. சில வேளைகளில் முன்சில்லு மடிந்து விழப்போவதற்கான முன்னறிவிப்பும் அதுதான்.

எடையைத் தாங்குவது எது?

மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னாளில் மினியையும் உருவாக்கியவர். மைனரின் முன்பக்க எடையை ஸ்பிறிங் சுருள் தாங்குவதில்லை. ரோர்ஷன் பார் என்ற நீண்ட உருக்குக் கம்பிகள் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக, முன்சில்லின் கீழ்க் கையிலிருந்து பின்னோக்கி ஓடி, முன் இருக்கைக்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். சில்லு மேலே எழும்போது கம்பி முறுகும். திரும்ப நிமிர முயலும் அந்த முறுக்குத்தான் காரைத் தூக்கி நிறுத்துகிறது. பின்பக்கம் வழமையான லீவ் ஸ்பிறிங், அதாவது தகடு தகடாக அடுக்கிய வில்.

ஹைட்றோலிக் சொக் அப்சோபரின் வேலை வேறு. மைனரில் இருப்பது இன்றைய மோட்டார் சைக்கிளில் காணும் குழாய் வடிவமல்ல, ஒரு இரும்புப் பெட்டியிலிருந்து கை நீட்டியது போன்ற ஆம்ஸ்ரோங் வகை. உள்ளே ஒயில் சிறு துவாரங்களுக்கூடாக நெரிபட்டுப் போகும்போது சில்லின் துள்ளல் அடங்கும். அவ்வளவுதான். அது எடையைச் சுமப்பதில்லை. ஒயில் முழுவதும் வழிந்தோடினாலும் நிற்கும் கார் ஒரு அங்குலமும் பதியாது. ஓடும்போது தோணி மாதிரி ஆடும். ஆகவே கார் ஆடினால் சொக் அப்சோபரைப் பாருங்கள், சாய்ந்தால் ஸ்பிறிங்கைப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நெடுநாள் நின்ற காரில் சொக் அப்சோபர் உள்ளே இறுகி அசையாமல் போனால், அந்தப் பக்கத்தைப் பிடித்து உயர்த்தியே வைத்திருக்கும். மட்கார்ட்டை அழுத்திவிட்டால் அந்த மூலை திரும்பி எழும்புகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒயில் விடுவதானால் மேலே இருக்கும் மூடியைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் சுத்தமாகத் துடைத்துவிட்டுத் திறக்கவேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் வால்வைக் கெடுத்துவிடும். 20 கிறேட் மோட்டார் சைக்கிள் போர்க் ஒயில் பொருந்தும். பிறேக் ஒயில் விடவே கூடாது.

முதலில் அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பதுதான் பாதிப் பிழைக்குக் காரணம். வீட்டு முற்றம் மட்டமாக இருப்பது அரிது. சீமெந்து போட்ட தரையைத் தேடிப் போங்கள். டிக்கியை வெறுமையாக்குங்கள். நான்கு ரயரும் ஒரே அளவா என்று பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மைனருக்கு 14 அங்குல ரயர் கிடைப்பது கஷ்டம் என்பதால் இரண்டு வேறு அளவுகளைப் பூட்டிக்கொண்டு ஓடும் கார்கள் உண்டு, அதிலேயே அரை அங்குலம் போய்விடும். காற்றை 22 இறாத்தல் அளவில் சமப்படுத்துங்கள். காரை முன்னும் பின்னும் சில அடிகள் உருட்டி, நான்கு மூலைகளையும் அழுத்திவிட்டு அதன் போக்கில் நிற்க விடுங்கள்.

அதன் பிறகு சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட்டின் வளைவு வரை நான்கு இடத்திலும் அளந்து எழுதுங்கள். அந்த அளவை மட்டும் நம்பவேண்டாம். அறுபது எழுபது வருடக் காரின் மட்கார்ட் எத்தனை தடவை தட்டி நிமிர்த்தப்பட்டதோ யாருக்குத் தெரியும். கீழே செஸிச் சட்டத்தில் இரு பக்கமும் ஒத்த இடங்களைத் தெரிவுசெய்து தரையிலிருந்தும் அளக்கவேண்டும். மட்கார்ட் அளவு வித்தியாசப்பட்டு, செஸி அளவு ஒன்றாக இருந்தால் சாய்வது கார் அல்ல, தகரம்.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. ஒரு மூலை பதிந்திருந்தால் கோளாறு அந்த மூலையில்தான் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கார் நாற்காலி மாதிரி: ஒரு பின்கால் நீளமாக இருந்தால் எதிர்ப்பக்கத்து முன்கால்தான் அமுங்கும். பின் வலப்பக்கம் உயர்ந்துவிட்டால் முன் இடப்பக்கம் பதியும். எது காரணம், எது விளைவு என்று பிரிக்க இப்படிச் செய்யலாம். முன்சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கும் டிபரன்சலுக்குக் கீழே ஜக்கை வைத்து, பின்சில்லுகள் தரையை விட்டு இலேசாக எழும் மட்டும் உயர்த்துங்கள். ஜக்கின் தலை சிறியதாக இருக்கவேண்டும். அகலமான பலகை வைத்தால் கார் சுதந்திரமாகச் சாயாது. இப்போது பின்பக்கம் ஒரு புள்ளியில் மட்டும் நிற்கிறது, ஆகவே காரின் சாய்வைத் தீர்மானிப்பது முன்பக்கம் மட்டும்தான். முன் இரு பக்கமும் சமமாக வந்துவிட்டால் கோளாறு பின்னால். அப்போதும் சாய்ந்தே நின்றால் கோளாறு முன்னால். ஐந்து நிமிட வேலை. இந்தச் சோதனையின்போது ஒருவரும் காருக்குக் கீழே போகக்கூடாது.

பின்பக்கமானால்

லீவ் ஸ்பிறிங்கைக் கம்பித் தூரிகையால் துலக்கிப் பார்க்கவேண்டும். உடைந்த தகடு துருவுக்குள் ஒளிந்திருக்கும், பெரும்பாலும் நடுப் போல்ற்றுக்குப் பக்கத்தில். நடுப் போல்ற் அறுந்திருந்தால் அச்சு முன்பின்னாக நகர்ந்து, கார் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடும். இரண்டு முனைகளிலும் உள்ள இறப்பர் புஷ்களையும், ஸ்பிறிங் தொங்கும் கொளுவிகள் செஸியோடு சேரும் இடத்தையும் ஸ்குறூ டிறைவரால் குத்திப் பாருங்கள். தகடு நல்லதாக இருந்து கொளுவி துருவில் உள்ளே போயிருந்தாலும் உயரம் குறையும்.

தகடு வளைவு இழந்திருந்தால் பட்டறையில் திரும்ப வளைக்கலாம். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே செய்யவேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் மற்றப் பக்கம் சாயும். உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்தால் உருக்கின் வில்தன்மை போய்விடும். திரும்ப முறையாகப் பதம் வைக்கத் தெரிந்த கொல்லரிடமே அந்த வேலையைக் கொடுக்கலாம். குளிர்ந்த நிலையில் அடித்து வளைப்பவர்களிடம் கொடுப்பது அதைவிடப் பாதுகாப்பு. கூடுதலாக ஒரு தகடு சொருகுவது சுலபமான வழி. சுமை ஏற்றுபவர்களுக்கு அது சரி, ஆனால் பின் இருக்கையில் இருக்கும் வயதானவர்களின் முதுகு அதற்கு விலை கொடுக்கும்.

முன்பக்கமானால்

ரோர்ஷன் பார் வயதாகும்போது சிறிது சோர்ந்து பதிவது இயல்பு. அதற்காகவே தொழிற்சாலை இரண்டு வகைச் சரிசெய்தலை வைத்திருக்கிறது. கம்பியின் முனையில் பற்கள் இருக்கின்றன. ஒரு பல் தள்ளிப் பூட்டினால் உயரம் அதிகமாக மாறும். பின் முனையில் உள்ள நெம்புகோலைக் குறுக்குச் சட்டத்தோடு பிணைக்கும் தகட்டில் பல துளைகள் இருக்கின்றன. துளை மாற்றினால் உயரம் கொஞ்சமாக மாறும். பெரும்பாலான கார்களுக்குத் துளை மாற்றினாலே போதும்.

முறுகிய கம்பிக்குள் காரின் எடை அடங்கியிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. பின் நெம்புகோலின் போல்ற்றை அப்படியே கழற்றினால் அது கையையோ முகத்தையோ அடித்துவிடும். காரின் உடலை உறுதியான தாங்கிகளில் ஏற்றி, சில்லைக் கழற்றி, கீழ்க் கைக்குக் கீழே ஜக்கைக் கொடுத்து, மேல் இணைப்பைப் பிரித்து, ஜக்கை மெதுமெதுவாக இறக்கி முறுக்கு முழுவதும் விட்ட பிறகுதான் பின் முனையைத் தொடவேண்டும். வீட்டில் செய்யும் வேலை அல்ல இது. கராச்சில் செய்விக்கும்போது மெக்கானிக் இந்த ஒழுங்கில்தான் செய்கிறாரா என்று கவனிக்க இதைத் தெரிந்திருப்பது நல்லது. கழற்றிய கம்பிகளை வலம் இடம் மாற்றிப் பூட்டக்கூடாது. ஒவ்வொன்றும் ஒரு திசை முறுக்குக்குப் பழகியவை. குழாய்க் குறடால் கௌவிப் பிடிக்கவும் கூடாது. உருக்கில் விழும் ஒரு கீறலில் இருந்துதான் பின்னொரு நாள் வெடிப்புத் தொடங்கும்.

பிறேக் வேலை செய்வித்த பிறகு கார் வலப்பக்கம் சாயத் தொடங்கினால் ஆச்சரியப்படவேண்டாம். மைனரின் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே இருக்கிறது. அதன் போல்ற்றுக்கு வழிவிடாமல் வலப்பக்க ரோர்ஷன் பார் மறித்துக்கொண்டிருக்கும். சிலிண்டரைக் கழற்றக் கம்பியை விலக்குவார்கள், திரும்பப் பூட்டும்போது துளையோ பல்லோ மாறிவிடும். பிறேக் நன்றாகப் பிடிக்கும், கார் மட்டும் சரிந்து நிற்கும். சில மாதம் கழித்து ஒருவர் சொக் அப்சோபரைக் குற்றம் சாட்டுவார்.

இன்னொரு பொதுப் பிழை: இறப்பர் புஷ் உள்ள போல்ற்றுகளைச் சில்லு அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்குவது. அப்படி இறுக்கினால் இறப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். காரை இறக்கியதும் அது முறுகிக் காரை உயர்த்திக் காட்டும். சில வாரங்களில் இறப்பர் கிழிந்து உயரம் பழையபடி வந்துவிடும். கார் தன் சில்லுகளில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்கவேண்டும். உயரம் மாற்றிய பின் முன்சில்லுகளின் நேர்த்தியையும் பார்ப்பிக்கவேண்டும். இல்லாவிட்டால் ரயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து போகும்.

அலட்சியப்படுத்தக் கூடாத இரண்டு

முதலாவது அந்தக் குறுக்குச் சட்டம். மைனருக்குத் தனிச் செஸி கிடையாது, உடலும் சட்டமும் ஒன்றாகவே ஒட்டப்பட்டவை. ரோர்ஷன் பார் முறுகும் விசை முழுவதும் இருக்கைக்குக் கீழே உள்ள அந்தச் சட்டத்தில்தான் விழுகிறது. குடாநாட்டில் எங்கே போனாலும் கடல் அதிக தூரமில்லை. பண்ணை வீதியிலும் பொன்னாலை, வாணர் தாம்போதிகளிலும் அடிக்கடி ஓடும் கார்களின் அடிப்பாகத்தில் உப்பு படியும். மாரியில் அது ஈரத்தோடு சேர்ந்து உள்ளிருந்து அரிக்கும். சட்டம் துருவில் இளகினால் கம்பியை எத்தனை துளை மாற்றினாலும் கார் திரும்பப் பதியும், சில மாதங்களுக்கு ஒருமுறை உயரம் சரிசெய்யவேண்டி வரும். அப்படியானால் காலடி விரிப்பைத் தூக்கித் தரையைப் பாருங்கள். தகரம் புடைத்திருந்தாலோ வெல்டிங் விட்டிருந்தாலோ காரை ஓட்டாதீர்கள். மேலே தகரம் வைத்து ஒட்டி வர்ணம் பூசுவது திருத்தமல்ல. பழுதைக் கண்ணுக்கு மறைப்பது.

இரண்டாவது, முன்சில்லுகளைத் தாங்கும் திருகுமூட்டுகள். ரோர்ஷன் பார் உயர்த்தும் எடை கீழ்த் திருகுமூட்டின் மரைகள் வழியாகத்தான் சில்லுக்குப் போகிறது. கிறீஸ் இல்லாவிட்டால் மரை தேயும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் வளைவில் திருப்பும்போது மரை உருவி, சில்லு மட்கார்ட்டுக்குள் மடிந்து, காரின் மூக்கு வீதியில் விழும். மைனர் வைத்திருப்போர் உலகெங்கும் அஞ்சும் கோளாறு இது. முன்பக்கத்தை உயர்த்தி, சில்லின் எடையை விட்டபின் மூட்டுக்கு இடையில் நெம்பி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் மாற்றுவதே வழி. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை மேலும் கீழுமாக இரண்டு மூட்டுகளுக்கும் கிறீஸ் அடியுங்கள், தாம்போதியில் உப்புத் தண்ணீர் மிதித்தால் அதற்கு முன்பாகவே. சில்லைத் தரையிலிருந்து உயர்த்திவிட்டு, இரு பக்கமும் முழுவதாகத் திருப்பி அடித்தால்தான் கிறீஸ் மரைக்குள் போகும். இங்கிலாந்தில் மைனருக்கென்றே பாகங்கள் விற்கும் கடைகள் இருக்கின்றன. லண்டனில் இருந்து வரும் உறவினரின் பெட்டியில் சொக்கலேற்றோடு இந்த மூட்டுக்கும் இடம் கேளுங்கள்.

ஏ40, 1100

1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ40 சொமசெற்றில் முன்னால் சுருள் ஸ்பிறிங். சரிசெய்யும் துளையோ பல்லோ இல்லை. பதிந்தால் ஸ்பிறிங்கை மாற்றவேண்டும், அதையும் உரிய அமுக்கி இல்லாமல் கழற்றக்கூடாது. இந்தக் காருக்குத் தனிச் செஸி உண்டு. செஸிக்கும் உடலுக்கும் இடையில் உள்ள இறப்பர் கட்டைகள் கரைந்தால், செஸி மட்டமாக இருக்க உடல் மட்டும் சாயும். ஸ்பிறிங்குக்குச் செலவழிக்க முதல் இதைப் பாருங்கள்.

ஒயிலே எடையைத் தாங்கும் கார்களும் உலகில் இருக்கின்றன. 1955இல் வந்த பிரெஞ்சுக் கார் சிற்றோவன் டிஎஸ் அப்படி. 1962இல் வந்த மொறிஸ் 1100, 1964 முதல் 1971 வரையான மினி ஆகியவற்றின் ஹைட்றோலாஸ்ரிக் முறையும் அத்தகையது. 1100இல் ஒரே பக்கத்து முன்சில்லும் பின்சில்லும் குழாயால் இணைக்கப்பட்டிருக்கும். எங்காவது கசிந்தால் அந்தப் பக்கம் முழுவதும், முன்னும் பின்னுமாகப் பதியும். அப்படியான காரில் மட்டும்தான் “ஹைட்றோலிக் குறைந்துவிட்டது” என்ற சொல் சரி. கசிவை அடைத்து, உரிய பம்பால் அழுத்தம் ஏற்றவேண்டும். உள்ளே இருப்பது தண்ணீரும் அற்ககோலும் துருத்தடுப்பும் கலந்த திரவம். வெறும் கிணற்றுத் தண்ணீர் விட்டால் குழாய் அரிக்கும். வழியில் பதிந்துவிட்டால் நல்ல வீதியில் 30 மைல் வேகத்துக்குள் மெதுவாக வீடு வரை ஓட்டிவரலாம்.

உள்ளே ஒளிந்திருக்கும் போர்க்காலம்

நமது கார்களில் கோளாறு தேடும்போது கையேட்டில் இல்லாத ஒன்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பின் வடக்குக்கு எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டது. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. அப்போது ஸ்பிறிங் உடைந்தால் புதிது கிடையாது. லொறித் தகட்டை வெட்டினார்கள், ரயர்த் துண்டை அடைத்தார்கள், மரக்கட்டையைச் சொருகினார்கள். அந்தத் திருத்தங்கள் இல்லாவிட்டால் எத்தனையோ பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கமாட்டார்கள். ஆனால் அவை தற்காலிகமாகச் செய்யப்பட்டவை. செய்தவர்களில் பலர் இன்று இல்லை, அல்லது கடல் கடந்துவிட்டார்கள். என்ன செய்தார்கள் என்று எழுதி வைத்தவர் யாருமில்லை. கார் மட்டும் அதைச் சுமந்துகொண்டு ஓடுகிறது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது எங்கள் மைனரும் நாவற்குழிப் பக்கமாக ஊர்ந்தது. எனக்கு ஆறு வயது. உள்ளே ஒன்பது பேர், கூரையில் மெத்தையும் அரிசி மூட்டையும். தென்மராட்சிக்குள் வந்து சேர்வதற்குள் பின் வலப்பக்கத்தில் ஒரு தகடு உடைந்துவிட்டது. யாரோ ஒரு கொல்லர் காசு வாங்காமல் லொறி ஸ்பிறிங்கிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சொருகிவிட்டார் என்று அம்மா சொல்லுவா. அப்பாவுக்கு அது மறந்தே போய்விட்டது. அல்லது அந்தக் கிழமையைப் பற்றிக் கதைக்க விரும்பவில்லை.

போன வருடம் டிபரன்சலுக்குக் கீழே ஜக்கை வைத்துப் பார்த்தபோது முன்பக்கம் இரண்டும் மட்டமாக வந்து நின்றது. பின் வலப்பக்கத்து ஸ்பிறிங்கைக் கழற்றினோம். ஐந்து மெல்லிய தகடுகளுக்கு நடுவில், அவற்றின் இரண்டு மடங்கு தடிப்பில், முனை சமமாக வெட்டப்படாத ஒரு தகடு இருந்தது. அது பின் வலப்பக்கத்தை உயர்த்தி, முன் இடப்பக்கத்தை அமுக்கி வைத்திருக்கிறது, இத்தனை வருடமாக. சொக் அப்சோபர் இரண்டும் வீணாக மாற்றப்பட்டிருந்தன.

இரு பக்கத்துக்கும் தகடுகளைச் சமமாக வளைப்பித்துப் பூட்டினோம். இப்போது முன்பக்க வித்தியாசம் கால் அங்குலத்துக்கும் குறைவு. கழற்றிய துண்டை மெக்கானிக் பழைய இரும்புக் குவியலில் எறியப் போனார். அப்பா அதை வாங்கிப் பழைய சேலைத் துணியொன்றில் சுற்றி, டிக்கிக்குள் உதிரிச்சில்லுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.